கட்டாயச் செறிவூட்டலையும் சத்து மாத்திரைகளையும் பற்றிய வாதங்களை எடைபோடுவது எப்படி

உணவுச் செறிவூட்டல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. உப்பில் அயோடின் கலப்பது, மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமினும் கலப்பது, பாலில் வைட்டமின் டி சேர்ப்பது ஆகிய அனைத்தையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதைத் தவிர, அவற்றுக்குள் பொதுவானது மிகக் குறைவு. ஆயினும் விவாதத்தில் இறங்குபவர்களில் ஒரு சாரார் அயோடினின் வெற்றியைக் காட்டி இரும்புக்கு ஆதரவு திரட்டுகிறார்கள்; மறு சாரார் இரும்பினால் நேர்ந்த தீங்கைக் காட்டி அயோடினையும் சந்தேகிக்கச் சொல்கிறார்கள். இரு தரப்பையும் கேட்டுக் குழம்பிய ஒருவர், எந்தக் கேள்விகளைக் கேட்டுத் தாமே ஒரு முடிவுக்கு வரலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டென்மார்க்கின் போக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நாடு மாவில் இரும்பு சேர்க்கும் கட்டாயத்தை 1987இல் கைவிட்டது. 2000இல் வீட்டு உப்பிலும் ரொட்டி செய்யும் உப்பிலும் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. 2004இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் காலை உணவு வகைகளில் கூடுதல் வைட்டமின்களையும் தாதுக்களையும் சேர்க்க அனுமதி கேட்டபோது மறுத்தது. ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டே அணிகளாகப் பார்ப்பவருக்கு இது முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். ஒவ்வொரு சத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பவருக்கு இதில் முரண்பாடே இல்லை.

யார் முடிவெடுக்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாதத்தைப் படிக்கத் தொடங்கும்போதே, அது எந்த வகையைப் பற்றியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கட்டாயச் செறிவூட்டலில், குறிப்பிட்ட உணவைத் தயாரிக்கும் எல்லோரும் குறிப்பிட்ட சத்தைக் குறிப்பிட்ட அளவில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உண்பவரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. விருப்பச் செறிவூட்டலில் தயாரிப்பாளர் தம் வணிகத்துக்கு ஏற்றபடி சேர்க்கிறார். மாத்திரையில் முடிவு உட்கொள்பவருடையது. முதல் வகையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. மூன்றாவதில், பல நாடுகளின் சட்டப்படி, அந்தப் பொறுப்பு ஏறத்தாழ யாருக்குமே இல்லை. சுதந்திரத்தைப் பறிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு முதல் வகைக்குப் பொருந்தும் அளவுக்கு இரண்டாவதற்குப் பொருந்தாது. நிறுவனங்களின் இலாப நோக்கம் என்ற குற்றச்சாட்டோ இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான் முதலில் பொருந்தும்.

குறைபாடு உண்மையில் அளக்கப்பட்டதா?

அடுத்த கேள்வி, யாருக்கு எந்தச் சத்து குறைவாக இருக்கிறது, அது எப்படித் தெரியவந்தது என்பது. அயோடினைப் பொறுத்தவரை விடை தெளிவானது. பனிப்பாறைகளாலும் மழையாலும் அரிக்கப்பட்ட மண்ணில் அயோடின் குறைவு. அங்கே விளைவதை உண்பவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், எவ்வளவு விவரம் தெரிந்தவராக இருந்தாலும் அவர் உணவில் அது வந்து சேராது. சுவிட்சர்லாந்தில் 1922இலும் அமெரிக்காவின் மிச்சிகனில் 1924இலும் அயோடின் கலந்த உப்பு புழக்கத்துக்கு வந்த பின், அவ்விடங்களில் சாதாரணமாகக் காணப்பட்ட முன்கழுத்துக் கழலை அரிதானது. அளப்பதற்கும் எளிய வழி இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளின் சிறுநீரில் அயோடின் அளவின் இடைநிலை மதிப்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அந்த மக்கள்தொகையில் பற்றாக்குறை இருக்கிறது என்று கொள்ளப்படுகிறது.

இரும்பில் இந்தத் தெளிவு இல்லை. இரத்தசோகை என்பது விளைவு. இரும்புப் பற்றாக்குறை அதன் காரணங்களில் ஒன்று மட்டுமே. கொக்கிப்புழு, மலேரியா, பி12 குறைபாடு, நாட்பட்ட அழற்சி, பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறுகள் எனப் பலவும் சோகையை உண்டாக்கும். எனவே ஹீமோகுளோபினை மட்டும் அளந்து, இத்தனை பேருக்குச் சோகை இருப்பதால் மாவில் இரும்பு கலக்க வேண்டும் என்று முடிக்கும் அறிக்கையைப் படித்தால், ஃபெரிட்டின் அளக்கப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டுவது அதுதான். தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் உடன் அளக்கப்பட்டிருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத அறிக்கை நோயைச் சொல்கிறதே தவிர, அதற்கான மருந்து எது என்பதைச் சொல்லும் தகுதியைப் பெறவில்லை.

தேவைக்கும் உச்ச வரம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது?

என் கணிப்பில், இந்த விவாதம் முழுவதிலும் மிக முக்கியமானதும் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான். மாவில் கலக்கும் சத்து, குறைவாக உண்பவருக்கும் நிறைய உண்பவருக்கும் ஒரே அடர்த்தியில் போய்ச் சேருகிறது. குறைவாக உண்பவருக்குப் பயன்பட வேண்டும் என்று அளவைக் கூட்டினால் நிறைய உண்பவர் வரம்பைத் தாண்டுவார். அவரைக் காக்க அளவைக் குறைத்தால், யாருக்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ அவருக்கு ஒன்றும் கிட்டாது. எந்தச் சத்துக்குத் தேவைக்கும் வரம்புக்கும் இடையே அகலமான இடைவெளி இருக்கிறதோ, அதுவே கட்டாயச் செறிவூட்டலுக்கு ஏற்றது.

ஃபோலிக் அமிலத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கா 1998 முதல் செறிவூட்டிய தானியப் பொருள்களில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் சேர்க்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 200 கிராம் மாவு உண்பவருக்கு 280 மைக்ரோகிராம் கிடைக்கும். 500 கிராம் உண்பவருக்கு 700 கிடைக்கும். அவரே 400 மைக்ரோகிராம் அடங்கிய மாத்திரையும் போட்டுக்கொண்டால் மொத்தம் 1,100 ஆகி, பெரியவர்களுக்கு அமெரிக்கா வகுத்த 1,000 மைக்ரோகிராம் வரம்பைச் சற்றே தாண்டிவிடும். கலப்பு அளவைத் திட்டமிடுபவர் சராசரி உண்பவரை விட்டுவிட்டு இந்தக் கடைசி மனிதரைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. சிலி 2000இல் கோதுமை மாவுக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 220 மைக்ரோகிராம் என்று வைத்தது. எனவே ஒரு நாட்டின் அளவை அப்படியே இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

வரம்பு என்பதும் இயற்கை வரைந்த கோடு அல்ல. அந்த 1,000 மைக்ரோகிராம் எப்படி வந்தது என்று பாருங்கள்: பி12 குறைபாடு உள்ளவர்களுக்கு அதிக அளவில் ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டபோது சோகை சரியானது போலத் தோன்றி, நரம்புப் பாதிப்பு மறைவாக முற்றிய பழைய மருத்துவக் குறிப்புகளிலிருந்து 5 மில்லிகிராம் என்ற எண்ணை எடுத்து, பாதுகாப்புக்காக 5ஆல் வகுத்தார்கள். வைட்டமின் பி6க்கு அமெரிக்க வரம்பு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வகுத்த வரம்பு 12 மில்லிகிராம். மனித உடல் அட்லாண்டிக் கடலுக்கு இரு புறமும் ஒன்றுதான். சான்றுகளை எடைபோட்ட குழுக்களின் எச்சரிக்கை உணர்வுதான் வேறு. ஆகவே வரம்பைத் தொட்டாலே நஞ்சு என்று அலறுபவரும், வரம்பு வெறும் காகிதம் என்று ஒதுக்குபவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்.

வைட்டமின் ஏயில் இந்த இடைவெளி குறுகலானது. பெரியவருக்கு 700 முதல் 900 மைக்ரோகிராம் தேவை. உடல் நேரடியாகப் பயன்படுத்தும் ரெட்டினால் வடிவில் 3,000 மைக்ரோகிராம் வரம்பு. கருவுற்ற தொடக்க நாள்களில் அதற்கு மேல் தொடர்ந்து உட்கொள்வது கருவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். இடைவெளி இவ்வளவு குறுகலாக இருக்கும்போது, பல உணவுகளில் ஒரே நேரத்தில் இச்சத்தைச் சேர்க்கும் திட்டங்களைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும்.

வேறு வழி இல்லையா?

தேவைப்படுவோருக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. பல சத்துகளுக்குப் போதும். ஃபோலிக் அமிலத்துக்குப் போதாது என்பதே அதற்கான கட்டாயத்தின் வலுவான அடிப்படை. கருவில் பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் அது சரிவர மூடாமல், நரம்புக்குழாய்க் குறைபாடு எனப்படும் பிறவிக் குறைபாடு உண்டாகக்கூடும். தாம் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு அப்போது தெரியாது. மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கும்போது அது பயன்பட வேண்டிய காலம் கடந்துவிட்டிருக்கும்.

பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 1991இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு இக்குறைபாடுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அது மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. ஆனால் அந்த 72ஐ மாவுக்குச் சாதகமாக அப்படியே எடுத்தாளும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்: ஆய்வில் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் மாத்திரை, மாவிலிருந்து கிடைப்பது அதில் மிகச் சிறிய பங்கு. மாவுக்கான சான்று, கட்டாயமாக்கிய நாடுகளில் பின்னர் நேர்ந்த சரிவிலிருந்து வருகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 குழந்தைகள் இக்குறைபாடின்றிப் பிறக்க இத்திட்டம் காரணமாகிறது. ஆய்வை நடத்திய பிரிட்டனோ 2021இல்தான் கட்டாயமாக்க முடிவெடுத்து, 2024இல் சட்டம் இயற்றி, 2026 இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவர நாள் குறித்தது. நியூசிலாந்து 2009இல் தள்ளிப்போட்டு 2023இல் நடைமுறைப்படுத்தியது. ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் பாதிக்கப்பட்டோர் உண்டு என்பதைக் கட்டாயத்தை எதிர்ப்பவர்கள் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

யாருக்குத் தீங்கு நேரக்கூடும்?

இப்போது அதே கண்டிப்பை ஆதரவாளர்களிடமும் காட்ட வேண்டும். உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோயான ஹீமோகுரோமட்டோசிஸ் உள்ளவர்களுக்கும், பரம்பரை இரத்த நோயான தாலசீமியா உள்ளவர்களுக்கும் கூடுதல் இரும்பு வேண்டாத சுமை. சுவீடன் தன் மாவில் இரும்பு சேர்ப்பதை 1995இல் நிறுத்திவிட்டது. தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த சூழலில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. அவற்றை உட்கொண்ட குழந்தைகளிடையே மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ 12 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்த ஆய்விலேயே, உண்மையில் இரும்புப் பற்றாக்குறை இருந்த குழந்தைகளுக்கு நன்மை தென்பட்டது என்பதையும், கொடுக்கப்பட்டது மருந்து வடிவமே தவிரச் செறிவூட்டிய உணவு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்பவரே அதை நேர்மையாக எடுத்தாள்கிறார்.

அயோடினும் முற்றிலும் தீங்கற்றது அல்ல. நெடுங்காலம் பற்றாக்குறையில் இருந்த மக்களுக்குத் திடீரென்று கிடைக்கும்போது, முதியவர்களில் சிலருக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கத் தொடங்கும். ஜிம்பாப்வேயில் 1990களில் இது பதிவானது. டென்மார்க்கிலும் கூடியது, ஆனால் அங்கே முதலில் குறைந்த அளவில் விருப்ப அடிப்படையில் தொடங்கி, கண்காணிப்பை முன்கூட்டியே நிறுவியிருந்ததால், உயர்வைக் கண்டறிந்து, அது பின்னர் தணிந்ததையும் பதிவுசெய்ய முடிந்தது. ஒரு திட்டத்தின் வரைவை உங்கள் கையில் கொடுத்தால், நன்மைகளைப் பட்டியலிடும் பக்கத்தை விட்டுவிட்டு, தொடங்கிய பின் எதை, யார், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை அளப்பார்கள் என்ற பகுதியைத் தேடுங்கள். அளவைத் தவறவிடுவதும் கற்பனை அல்ல: 1950களில் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் வைட்டமின் டி மிகுந்துபோய்ச் சிசுக்களின் இரத்தத்தில் கால்சியம் ஏறியது அந்த அளவைக் குறைக்கக் காரணமாயிற்று, 1992இல் அமெரிக்காவில் பால் மூலம் வைட்டமின் டி நஞ்சான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் பதிவாயிற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரும்புத் தூள் மலிவானது, மாவின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்காது, ஆனால் உடல் அதைச் சரிவர உறிஞ்சாது. ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்புச் சேர்மம் நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் நாள்பட்ட மாவில் சிக்கு வாடையை உண்டாக்கும். தவிடு மிகுந்த மாவில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டேட் என்ற சேர்மம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அங்கே சோடியம் இரும்பு ஈடிடிஏ என்ற விலை கூடிய வடிவம் தேவைப்படும். எந்த வடிவம் என்று சொல்லாமல் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் சொல்லும் அறிவிப்பால் உடலுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை அறிய முடியாது.

முன்பு, பின்பு என்று காட்டும் படங்கள்

அமெரிக்காவில், நியாசின் என்ற பி வகை வைட்டமின் பற்றாக்குறையால் வரும் பெல்லாக்ரா நோய் மறைந்ததற்கு மாவில் அதைச் சேர்த்ததே காரணம் என்று படம் வரைந்து காட்டுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று மெய்ப்பித்தது 1910களிலும் 1920களிலும். நியாசின் அடையாளம் காணப்பட்டது 1937இல். மாவில் சேர்ப்பது தொடங்கியது 1940களில். ஆனால் அந்நோயால் நேர்ந்த மரணங்கள் 1920களின் இறுதியில் உச்சத்தைத் தொட்டு, செறிவூட்டலுக்கு முன்னரே இறங்கத் தொடங்கிவிட்டன. செறிவூட்டல் அந்தச் சரிவுக்கு உதவியிருக்கும், ஆனால் அதைத் தொடங்கிவைக்கவில்லை. எந்த வரைபடத்திலும், தலையீட்டுக்கு முந்தைய பத்து ஆண்டுகளைக் காட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மாத்திரைப் புட்டியை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் அவை பயனுள்ளவை என்றோ பாதுகாப்பானவை என்றோ அரசிடம் மெய்ப்பித்து ஒப்புதல் பெறத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அனுமதிக்கப்பட்ட சத்துகளுக்கும் அவற்றின் வடிவங்களுக்கும் பட்டியல் வகுத்தது. கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தர ஆணையம் 2005இல் வைட்டமின், தாது மாத்திரைகளுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டபோது, மாத்திரைகளையே தடைசெய்யப்போகிறார்கள் என்ற அச்சம் பரவியது. அந்நெறிகள் தாமாக எந்த நாட்டுக்கும் சட்டமாவதில்லை. வணிகத் தகராறுகளில் மேற்கோளாகும் என்பதால் அவற்றுக்கு எடை உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஒரு நாள் பங்கில் குறைந்தது பரிந்துரை அளவின் 15 விழுக்காடு இருக்க வேண்டும், உச்ச அளவைப் பரிந்துரை அளவை மட்டும் வைத்து வகுக்காமல் தீங்கு பற்றிய அறிவியல் மதிப்பீட்டைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். தடை என்ற கூக்குரலை எழுப்பியவர்கள் இந்த இரண்டாவது வரியைப் படித்ததாகத் தெரியவில்லை.

புட்டியைத் திருப்பினால் முதலில் தேட வேண்டியது, அச்சிட்ட அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டு மூன்று மாத்திரைகள் சேர்ந்த ஒரு பங்குக்கா என்பது. அடுத்தது அலகு: வைட்டமின் டியில் 1 மைக்ரோகிராம் 40 பன்னாட்டு அலகுகளுக்குச் சமம்; ஆகவே 4,000 அலகு என்பது 100 மைக்ரோகிராம், அதாவது பெரியவர்களின் உச்ச வரம்பு. இரும்பு மாத்திரையில் சேர்மத்தின் மொத்த எடையும் அதிலுள்ள இரும்பின் எடையும் வேறு: 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் இரும்பு 65 மில்லிகிராம்தான். அதையும் குறைவாக மதிக்க வேண்டாம். சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தானது என்பதால் அவர்கள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

உணவில் இருக்கும்போது நல்லதாகத் தோன்றுவது மாத்திரையிலும் நல்லதாகவே இருக்கும் என்ற ஊகத்தை ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு உடைத்தது. காரட் போன்றவற்றில் இருப்பதும் உடல் வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்வதுமான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது என்று 1994இல் தெரியவந்தது. அமெரிக்காவில் அத்துடன் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வில் அது 28 விழுக்காடு கூடியதால், 1996இல் இடையிலேயே மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. புகைபிடிப்பவர்கள் அதிக அளவு பீட்டா கரோட்டினைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் வேறு விதமாக ஏமாற்றும். நாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவே இருக்க, அவற்றில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். அது தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பொய்யாகக் காட்டச் செய்யும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. இரத்தம் எடுக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, உங்களுக்கான கூட்டல். ஒரு வாரம் நீங்கள் உண்ணும் செறிவூட்டிய பொருள்களின் உறைகளையும் எல்லா மாத்திரைப் புட்டிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, ரெட்டினால், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, இரும்பு, பி6 ஆகிய ஐந்துக்கு மட்டும் நாள் மொத்தத்தைக் கூட்டுங்கள். மற்றவற்றில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. பலசத்து மாத்திரை, எலும்புக்கான மாத்திரை, முடிக்கான மாத்திரை என மூன்றிலும் ஒரே சத்து மீண்டும் மீண்டும் வருவதை அப்போதுதான் காண்பீர்கள். கருத்தரிக்கத் திட்டமிடுபவர் ரெட்டினாலின் மொத்தம் 3,000 மைக்ரோகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தம் நாட்டில் மாவு செறிவூட்டப்பட்டிருந்தாலும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை அவர் விட்டுவிடக் கூடாது. முன்பு நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள கரு உண்டாகியிருந்தால் தேவைப்படும் அளவு அதைவிடப் பல மடங்கு என்பதால், கருத்தரிப்பதற்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு அந்த அளவைத் தொடங்க வேண்டும்.